மேலாளரைப் பெயர் சொல்லி அழைத்தால் அலுவலகத்தில் சமத்துவம் வந்துவிடுமா?

கேள்வி கேட்டவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். 'சார்' கூடாது, எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். வாய் வரவில்லை என்கிறார். அப்படி அழைத்தால் மேல் கீழ் என்பது உண்மையிலேயே போய்விடுமா என்றும் கேட்கிறார்.

எனக்கும் வாய் வரவில்லை. 2006இல் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தபோது, முதல் இரண்டு மாதம் என் மேலாளரை நான் எதுவும் சொல்லி அழைக்கவில்லை. அவர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். தொண்டையைச் செருமுவேன். அவர் நிமிர்ந்து பார்த்த பிறகு பேச்சைத் தொடங்குவேன். தூரத்தில் இருந்தாரென்றால் எழுந்து அவ்வளவு தூரமும் நடந்தே போவேன். விளி வேற்றுமைதான் எட்டாம் வேற்றுமை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன், அந்த எட்டாம் வேற்றுமை இல்லாமலே அறுபது நாள் பிழைத்தேன்.

மூன்றாம் மாதம் பெயர் வந்துவிட்டது. வந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் அவர் பெயரைச் சொல்லி, "அந்த அறிக்கையைப் பார்த்தீர்களா?" என்பேன். அவர் என் பெயரைச் சொல்லி, "பார்த்துவிட்டேன், நீ அனுப்பிவிடு" என்பார். பெயருக்குப் பெயர் சரியாகிவிட்டது. ஆனால் என் வாக்கியம் 'ஈர்கள்' என்று முடிந்தது, அவர் வாக்கியம் 'விடு' என்று முடிந்தது. 'சார்' போன இடத்தில் இருந்த மரியாதை எங்கேயும் போகவில்லை, வினைமுற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான், அதனால் அங்கே பெயரை மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் யார் பெரியவர் என்று எழுதியிருக்கிறது. நிறுவனத்தின் விதி அந்த வாலைத் தொடவே இல்லை.

நமக்கு மட்டும் 'சார்' ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று யோசித்திருக்கிறேன். ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. முன்னால் 'மிஸ்டர்' போட்டுக் குடும்பப் பெயரைச் சொன்னால் மரியாதை, முதல் பெயரைச் சொன்னால் நெருக்கம் என்று இரண்டு படிகள். நம்மிடம் இருப்பது ஒரே பெயரும் அப்பாவின் தலைப்பெழுத்தும். தலைப்பெழுத்தைச் சொல்லி யாரையும் கூப்பிட முடியாது. ஒரு காலத்தில் இரண்டாவது படியாக இங்கே இருந்தது சாதிப் பட்டம். முதலியார்வாள், பிள்ளைவாள், நாயக்கரே, ஐயரே என்று அழைத்தால் பெயரைத் தொடாமலே மரியாதை கொடுத்துவிடலாம், பட்டம் இருந்தவர்களுக்கு. இல்லாதவர்களுக்கு வெறும் பெயர்தான். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் அது அநேகமாக நடந்தும்விட்டது, நல்ல காரியம். பட்டம் போன பிறகு பெயருக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் வந்து உட்கார்ந்தவைதான் 'சார்', 'அண்ணே', 'ஐயா' எல்லாம் என்பது என் எண்ணம். ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெறும் பெயர் என்றேன். அது எப்படி இருக்கும் என்பதை நான் அலுவலகத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே தெரிந்துகொண்டவன், தவறான பக்கத்திலிருந்து. எங்கள் ஊர் பழைய தஞ்சை மாவட்டத்தில். எங்கள் வயலில் வேலை பார்த்த பெரியவர் என் தாத்தாவைவிட மூத்தவர். பத்து வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி, கூடவே ஒரு 'டா'வும் போட்டு அழைத்தேன். அப்படி அழைக்க யாரும் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை, கண்டித்ததாகவும் நினைவில்லை. அவர் என்னைச் 'சின்ன ஆண்டே' என்பார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் அதைச் சொன்னது போதும்.

அவருக்குப் பேரன் பிறந்தபோது 'துரை' என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரனையும் எஜமானையும் அழைக்கிற சொல். இனி எங்கள் வீட்டு ஆட்கள் அந்தப் பையனை எப்படி அழைத்தாலும் வாயிலிருந்து 'துரை' என்றுதான் வர வேண்டும். தெரிந்துதான் வைத்தார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. என் பெரியப்பாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவர் கடைசிவரை அந்தப் பையனின் அப்பன் பெயரைச் சொல்லி, "இன்னாருடைய மகனே" என்றே கூப்பிட்டார். இரண்டெழுத்துப் பெயரைத் தவிர்க்க அத்தனை நீளமாகக் கூப்பிட வேண்டியிருந்தது அவருக்கு.

இதே கதை அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அலபாமா மாநிலத்தில் 1963இல் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் போராளி சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் அவரை 'மேரி' என்று அழைத்துக் கேள்வி கேட்டார். அந்த ஊர்களில் வெள்ளையருக்கு 'மிஸ்', 'மிஸ்டர்' உண்டு, கறுப்பருக்கு முதல் பெயர்தான். 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. உங்கள் அலுவலகத்தில் எதைச் சமத்துவம் என்று கொடுக்கிறார்களோ, அதையேதான் அங்கே அவமானமாகக் கொடுத்தார்கள். பெயர் சொல்லி அழைப்பதற்கென்று தனியாக ஒரு பொருள் கிடையாது. அழைக்கப்பட்டவர் அதே மாதிரி திருப்பி அழைக்க முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலபாமாவில் அந்த வழக்கறிஞரை யாராவது முதல் பெயர் சொல்லி அழைத்திருக்க முடியுமா?

கணவன் பெயரை மனைவி சொல்லாத வழக்கத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். அரசியலிலும் இதே கணக்குதான். டீக்கடையில் ஒருவர் 'கலைஞர்' என்கிறாரா, 'கருணாநிதி' என்கிறாரா என்பதை வைத்தே அவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். ஜெயலலிதா கட்சியில் 'அம்மா' என்பார்கள். எதிர்க்கட்சி மேடைகளில் பெயரும் சொல்லாமல், 'அம்மா'வும் சொல்லாமல், 'அம்மையார்' என்று ஒரு நடு இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தமிழனின் சாமர்த்தியம்.

மாற்றவே முடியாதா என்றால், முடிந்த நாடு ஒன்று இருக்கிறது. ஸ்வீடனில் ஒருவரிடம் நேரே பேசும்போதுகூட, பதவியைச் சொல்லிப் படர்க்கையில், 'டாக்டர் காபி குடிப்பாரா?' என்று கேட்பதுதான் மரியாதையாக இருந்தது. 1967இல் அந்த நாட்டு மருத்துவத் துறை வாரியத்தின் தலைவராக வந்த புரூர் ரெக்செட், ஊழியர் எல்லோரையும் 'து' என்ற ஒருமையில், முதல் பெயர் சொல்லி அழைக்கப் போவதாகவும், தன்னையும் அப்படியே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த பழக்கம்தான், அதற்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. கவனியுங்கள், அங்கே பெயரும் மாறியது, 'நீ'யும் சேர்ந்து மாறியது. நம் அலுவலகங்கள் முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டன.

எனவே உங்களுக்கு என் யோசனை: பெயரைச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், வாய் மூன்று மாதத்தில் வந்துவிடும். அதோடு உங்கள் மேலாளர் உங்களை 'நீ' என்கிறாரா, 'நீங்கள்' என்கிறாரா என்றும் கவனியுங்கள். 'நீ' என்றால் அதில் தவறொன்றும் இல்லை, வயது வித்தியாசமாக இருக்கலாம். ஆனால் சமத்துவம் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு சம்பள உயர்வு பேச்சுக்குப் போய் உட்கார வேண்டாம்.

இன்னொன்று. அமெரிக்க ஆங்கிலத்தில் விளிக்கும் முறையை ஆராய்ந்த ரோஜர் பிரவுன், மார்கரீட் ஃபோர்ட் இருவரும் 1961இல் ஒன்றை எழுதினார்கள்: முதல் பெயருக்கு மாறலாம் என்ற தொடக்கம் பெரும்பாலும் மேலே இருப்பவரிடமிருந்துதான் வருகிறது. எங்கள் தளத்தைத் துடைத்து, மாலையில் டீ கொண்டுவருகிற அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். அவர் கழுத்திலும் எங்களுடையதைப் போலவே பெயர் எழுதிய அடையாள அட்டை தொங்கியது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லி டீ கேட்டார்கள். அவர் எல்லோரையும் 'சார்', 'மேடம்' என்றார். பெயர் சொல்லும் விதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் மேலாளரான பிறகு பெரிய மனிதத்தனமாக ஒரு நாள், "அக்கா, என்னை சார் என்று சொல்ல வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்" என்றேன்.

அவர் டீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "அதெல்லாம் உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் சார். சூப்பர்வைசர் காதில் விழுந்தால் நாளைக்கு இங்கே நிற்கப்போவது நீங்களா, நானா?" என்றார்.