எந்த மௌனம்?

கேள்வி: அமெரிக்காவில் போலீஸ் ஒருவரைச் சுட்டால் ஊரே தெருவுக்கு வருகிறது. தினமும் ரவுடிக் கும்பல்கள் சுட்டு எத்தனையோ பேர் சாகிறார்கள். அப்போதெல்லாம் இதே ஆட்கள் மௌனம் காப்பது ஏன்?
— வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: மௌனமா? யார் உங்களுக்குச் சொன்னது?

சிகாகோவையே எடுத்துக்கொள்வோம். 2013 ஜனவரியில், ஒபாமாவின் இரண்டாவது பதவியேற்பு நிகழ்ச்சிகளில் பள்ளிக் குழுவோடு கலந்துகொண்டு ஊர் திரும்பியிருந்த ஹடியா பெண்டில்டன் என்ற 15 வயதுப் பெண், பூங்காவில் தோழிகளோடு மழைக்கு ஒதுங்கி நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டாள். சுட்டது கும்பல்காரர்கள். இறுதிச் சடங்குக்கு மிஷேல் ஒபாமா வந்து உட்கார்ந்திருந்தார். அவளுடைய தோழிகள் ஆரஞ்சு நிறம் உடுத்தத் தொடங்கினார்கள். காட்டில் வேட்டையாடுபவர்கள் தங்களை யாரும் தவறிச் சுட்டுவிடக் கூடாதென்று அணிகிற நிறம் அது. இன்று ஒவ்வொரு ஜூன் தொடக்கத்திலும் நாடெங்கும் அதை உடுத்துகிறார்கள்.

2018 ஜூலையில் பாதிரியார் மைக்கேல் ஃப்ளேகர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சிகாகோவின் டான் ரயன் நெடுஞ்சாலையில் இறங்கி நடந்து, போக்குவரத்தையே நிறுத்தினார்கள். தங்கள் தெருக்களில் நடக்கும் துப்பாக்கிக் கொலைகளைத் தடுக்கக் கோரித்தான் அந்தப் பேரணி. நம் தொலைக்காட்சி காட்டாததை அவர்கள் செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஹடியா வழக்கில் இரண்டே வாரத்துக்குள் இருவரைப் போலீஸ் பிடித்தது. அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டினார். குடும்பத்துக்குப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது.

இனி அதே நகரத்தின் லக்வான் மெக்டொனால்டைப் பாருங்கள். வயது 17. 2014 அக்டோபர் 20 இரவு, ஜேசன் வான் டைக் என்ற போலீஸ்காரர் 16 முறை சுட்டார். பையன் கத்தியோடு பாய்ந்தான் என்றது போலீஸ் தரப்பு. போலீஸ் வண்டியின் கேமராவோ அவன் விலகி நடந்து போனதைப் பதிவு செய்திருந்தது. அந்தப் பதிவு 13 மாதம் வெளியே வரவில்லை. இடையில், குடும்பம் வழக்குப் போடும் முன்பே 50 லட்சம் டாலர் கொடுக்க நகர மன்றம் ஒப்புதல் தந்தது. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே 2015 நவம்பர் 24 அன்று வீடியோ வந்தது. அன்றுதான் வான் டைக் மீது கொலை வழக்கும் வந்தது! தண்டனை 6 ஆண்டு 9 மாதம். மூன்றரை ஆண்டுகூடச் சிறையில் இல்லாமல் 2022 பிப்ரவரியில் வெளியே வந்துவிட்டார். மூடி மறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று போலீஸ்காரர்களும் விடுதலை.

சுட்டவரும் போலீஸ், அறிக்கை எழுதியவர்களும் போலீஸ். அந்தத் தாய் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் எழுதிக் கொடுப்பாள்? அவளுக்குத் தெருதான் மிச்சம். மக்கள் கூச்சல் போட்ட பிறகுதான் போலீஸ் தலைவர் நீக்கப்பட்டார். அங்கே அரசு வழக்கறிஞரையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்கை இழுத்தடித்த அரசு வழக்கறிஞர் அடுத்த ஆண்டே, தன் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் தோற்றார்.

நீங்கள் பிரித்துப் பார்க்கிற இரண்டும் ஒரே நோய். போலீஸை நம்பாத தெருவில் சாட்சி சொல்ல எவரும் வரமாட்டார்கள். சாட்சி வராத கொலை துலங்காது. துலங்காத கொலைக்கு இறந்தவனின் தம்பி துப்பாக்கியைத் தேடுவான். கும்பல் கொலைகளைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுபவர், வான் டைக்கைத் தண்டிக்கச் சொல்லி முதல் ஆளாகக் குரல் கொடுக்க வேண்டும்.

இங்கே என் சக பத்திரிகையாளர்களோடு எனக்குள்ள பழைய சண்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'தற்காப்புக்காகப் போலீசார் சுட்டதில்' என்று, நேரில் பார்த்தவர்போல எழுதுகிறார்களே, அந்த வாக்கியத்தை எத்தனை கூட்டங்களில் எதிர்த்திருக்கிறேன்! 'என்று போலீஸ் கூறுகிறது' என மூன்று சொல் சேர்த்தால் அச்சு இயந்திரம் உடைந்துவிடாது. லக்வான் செத்த இரவு, போலீஸ் சங்கப் பேச்சாளர் சொன்னதைத்தான் சிகாகோ பத்திரிகைகளும் எழுதின. வீடியோவுக்காக நீதிமன்றம் போய் வென்றவர் பிராண்டன் ஸ்மித் என்ற சுயேச்சைப் பத்திரிகையாளர். வீடியோ வெளியீட்டுக்காக மேயரும் போலீஸ் தலைவரும் நடத்திய செய்தியாளர் கூட்டத்துக்குள் அவரை விடவில்லை.