ஒரு ரப்பர் வளையம் இல்லாவிட்டாலும் வண்டி ஓடாமல் நின்றுவிடும்

கேள்வி: ராணுவ அணிவகுப்பில் வரும் பி.எம்.பி டாங்க் வகைதானே? அதை நாமே தயாரிக்கும்போது உதிரி பாகத்துக்கு ஏன் ரஷ்யாவை எதிர்பார்க்க வேண்டும்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: டாங்க் இல்லை, காலாட்படை வீரர்களை ஏற்றிச் சென்று சண்டையிடும் கவச வண்டி. வண்டியை இயக்க 3 பேர், பின்பக்கம் 7 காலாட்படை வீரர்கள், மேலே 30 மி.மீ. பீரங்கி, எடை சுமார் 14 டன். ஆற்றில் இறக்கினால் மிதந்தே போகும். நம் ராணுவத்தில் இருக்கும் பி.எம்.பி-2 வண்டிக்குச் சரத் என்று பெயர். சோவியத் உரிமத்தோடு 1987 முதல் மேடக் தொழிற்சாலையில் செய்தார்கள், அதன் 300 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் நம்ம ஆவடியில் உருவாகிறது.

நாமே செய்கிறோம் என்பது உண்மைதான், ஆனால் உரிமத்தில் செய்வதென்றால் டிராயிங் வரும், பெரிய பாகங்களை இங்கே செய்வோம், அப்புறம் சில சீல் (நீரோ எண்ணெயோ கசியாமல் அடைக்கும் வளையம்), பேரிங், பம்ப் உள்பாகங்கள் மட்டும் வெகுகாலம் வெளியிலிருந்தே வந்துகொண்டிருக்கும். அங்கேதான் சிக்கல். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபோது, பாகங்கள் செய்த ஆலைகள் வெவ்வேறு நாடுகளுக்குள் போய்விட்டன. யாரிடம் ஆர்டர் கொடுப்பது என்பதே பெரும் குழப்பமானது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்தக் கவலை திரும்பி வந்தது, ரஷ்ய ஆலைகளுக்குத் தங்கள் படையின் தேவைதானே முதலில்.

கேள்வி: ஒரு சின்ன பாகம் இல்லாமல் வண்டியே நின்றுவிடுமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: நிற்கும். தண்ணீரில் இறங்கும் வண்டி என்பதால் கதவு, மூடி, தண்டு வெளியே வரும் இடம் எல்லாவற்றிலும் ரப்பர் சீல் இருக்கிறது. ஒன்றில் விரிசல் விட்டிருந்தாலும் அந்த வண்டியை ஆற்றில் இறக்க எந்தப் பொறுப்பான அதிகாரியும் அனுமதிக்க மாட்டார். இன்னொன்று, ரப்பர் ஸ்டோரில் சும்மா கிடந்தாலும் வயதாகிக் கெட்டியாகிவிடும், அதனால் மொத்தமாக வாங்கிக் குவித்து வைப்பதும் வழியில்லை. சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலிதான் டிராக், அதன் இணைப்பு ஊசிகளைச் சுற்றியும் ரப்பர்தான். டிராக் மேல் உருளும் ரோடு வீல் பக்கத்துக்கு 6, அவற்றின் விளிம்பிலும் ரப்பர். ராஜஸ்தான் மணலில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சரியில்லை என்றால் தூசி உள்ளே போய் இன்ஜினையே தின்றுவிடும்.

பாகம் கிடைக்காதபோது நிற்கும் வண்டியிலிருந்து கழற்றி ஓடும் வண்டியில் மாட்டுவது எல்லாப் படைகளிலும் உண்டு. அவசரத்துக்குச் சரி, அதையே பழக்கமாக்கினால் கழற்றப்பட்ட வண்டி மறுபடி எழுந்திருக்காது. எனக்கு இது மனதை உறுத்தும் விஷயம், ஏனென்றால் உள்ளே உட்காரப் போவது நம் வீட்டுப் பிள்ளைகள்.

கேள்வி: அம்பத்தூரில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இதில் நுழைய முடியுமா? (ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: தாராளமாக. பாதுகாப்புத் துறை 2020-ல் தொடங்கிய ஸ்ரிஜன் இணையதளத்தில் உள்நாட்டில் செய்ய வேண்டிய பாகங்களின் பட்டியல் இருக்கிறது, விருப்பத்தை அங்கேயே பதிவு செய்யலாம். பழைய படைக்கலத் தொழிற்சாலைகளை 2021-ல் பிரித்தபோது உருவான கவச வாகன நிறுவனத்தின் தலைமையகம் உங்களுக்குப் பக்கத்திலேயே, ஆவடியில். கியர் மாதிரி கடினமானதில் கை வைக்காமல் புஷ், பின், பிராக்கெட் என்று ஆரம்பியுங்கள். அளவு மட்டும் பொருந்தினால் போதாது, எந்த உலோகம், எந்தச் சூட்டில் பதப்படுத்தியது என்பதற்கெல்லாம் சான்றிதழ் கேட்பார்கள். மாதிரி தேறி ஆர்டர் வர நாளாகும், வரும் எண்ணிக்கையும் கார் கம்பெனி ஆர்டர் போல இருக்காது. எனவே இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிடாமல் இதையும் சேர்த்துச் செய்யுங்கள்.