பழைய ஜப்பான் காரின் எயார்பேக்: சேஸி நம்பரைப் பார்த்துவிட்டீர்களா?

கேள்வி: 2008ஆம் ஆண்டுத் தயாரிப்பு டொயோட்டா அக்ஸியோ வைத்திருக்கிறேன். நான் மூன்றாவது சொந்தக்காரி. அவுஸ்திரேலியாவில் இருக்கும் தம்பியின் கொரோலாவுக்கு ரீகோலில் (பழுதுள்ள கார்களைக் கம்பனியே திருப்பி அழைத்துச் சரிசெய்வது) எயார்பேக்கை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்களாம். “அக்கா, உன்னுடையதையும் பார்” என்று ஒவ்வொரு முறை பேசும்போதும் சொல்கிறான். என் காரில் எயார்பேக் விளக்கு எரியவில்லை. பயமென்றால் கழற்றி விடலாம் என்கிறார் எங்கள் கராஜ் பாஸ் (மெக்கானிக்). மகளை முன் சீட்டில் ஏற்றித்தான் தினமும் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறேன். என்ன செய்யலாம்? (உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மகளை நாளைக் காலையிலிருந்து பின் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். ரீகோல் இருக்கிறதோ இல்லையோ, சின்னப் பிள்ளைகளுக்குப் பின் சீட்தான் நல்ல இடம்.

தம்பி சொல்வது டகாட்டா எயார்பேக் விஷயமாகத்தான் இருக்க வேண்டும். டகாட்டா என்பது பல கார்க் கம்பனிகளுக்கு எயார்பேக் செய்து கொடுத்த ஜப்பானிய நிறுவனம். 2008இல் ஹொண்டா சில கார்களைத் திருப்பி அழைத்ததில் தொடங்கிய ரீகோல், அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 இலட்சம் எயார்பேக்குகள் வரை போனது. 2017இல் டகாட்டா வங்குரோத்தானது. அவுஸ்திரேலியாவில் 2018இல் அரசாங்கமே இந்த ரீகோலைக் கட்டாயமாக்கியது. தம்பியின் காருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது அதனால்தான். இலங்கையில் ரீகண்டிஷனாக, அதாவது ஜப்பானில் ஓடிய பிறகு இறக்குமதியாகி வந்து, இரண்டு மூன்று கை மாறிய காருக்கு அப்படிக் கடிதம் வரும் என்று காத்திருக்க முடியாது. காரை ஏலத்தில் விட்ட ஜப்பான்காரரோடு கம்பனியின் முகவரிப் புத்தகம் முடிந்துவிடுகிறது. தேடிப் போக வேண்டியவர் நீங்கள்தான்.

பழுது எங்கே என்று தெரிந்தால் இது ஏன் நம் ஊருக்கு முக்கியம் என்பதும் விளங்கும். எயார்பேக் பைக்குப் பின்னால் ஓர் உலோகக் குப்பி இருக்கிறது. டகாட்டா செய்தவற்றில் அதற்குள் அமோனியம் நைத்திரேற்று வில்லைகள். மோதும்போது அவை எரிந்து, கண் மூடித் திறப்பதற்குள் வாயுவால் பையை நிரப்புகின்றன. வருடக்கணக்கில் ஈரமும், பகல் சூடு இரவுக் குளிர்ச்சி என்ற ஏற்ற இறக்கமும் பட்டால் வில்லைகள் உள்ளுக்குள் உதிர்ந்து பொருபொருவென்று ஆகிவிடும். கட்டை விறகு நின்று எரியும். அதையே மரத்தூளாக்கிப் போட்டால் குப்பென்று பிடிக்கும். இங்கே நடப்பதும் அதுதான். அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, அழுத்தம் தாங்காமல் குப்பி வெடிக்கிறது. அதன் உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு கழுத்திலும் நெஞ்சிலும் பாய்கின்றன. 2014இல் மலேசியாவில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் இறந்தார். அது வேகம் குறைந்த ஒரு மோதல்.

அமெரிக்காவில் ரீகோலுக்கு முன்னுரிமை கொடுத்தபோது புளோரிடா, ஹவாய் போன்ற சூடும் ஈரமும் சேர்ந்த இடங்களைத்தான் முதலில் வைத்தார்கள். திருகோணமலையை எண்ணிப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் 34, 35 பாகை. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதைவிட எவ்வளவோ கூட. இரவில் கடற்காற்றின் ஈரம். ஐப்பசி பிறந்தால் மாதக்கணக்கில் மழை. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ பத்து வருடம் வெளியில் நின்ற காரின் எயார்பேக், ஜப்பானின் குளிர்ப் பிரதேசத்தில் நின்ற காரின் எயார்பேக்கைவிட வேகமாக மூப்படைந்திருக்கும். போதாததற்கு, 2020இலிருந்து பல வருடம் வாகன இறக்குமதி நின்றுபோனதால் எல்லோரும் பழைய கார்களையே இழுத்துப் பிடித்து ஓட்டுகிறோம். கிலோமீற்றர் குறைவாக ஓடியது என்ற ஆறுதலும் இதில் உதவாது. கார் சும்மா நின்றாலும் வில்லைகளுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும்.

டாஷ்போர்டு விளக்கு மின் இணைப்பில் கோளாறு இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். குப்பிக்குள் வில்லை எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு கைதேர்ந்த பாஸாக இருந்தாலும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் கார் ரீகோலில் இருக்கிறதா என்பதற்குச் சேஸி நம்பர் ஒன்றுதான் விடை.

அது சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) இருக்கும். லீசிங்கில் என்றால் உங்களிடம் உள்ள பிரதியைப் பாருங்கள். பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டையும் ஃபோனில் படம் எடுத்து இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். உங்கள் அக்ஸியோவில் ‘என்இசட்இ141’ போல ஒரு முன்பகுதி, ஒரு கோடு, அதன் பின் ஏழு இலக்கங்கள் என்று இருக்கும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களின் நம்பர் இப்படித்தான் இருக்கும். 17 எழுத்து எண் கேட்கும் அமெரிக்கத் தளங்களில் இதைப் போட்டுப் பார்த்து ‘ஒன்றும் வரவில்லை, அப்போ சரி’ என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது விடையே இல்லை. டொயோட்டா, ஹொண்டா, நிசான் போன்றவற்றின் ஜப்பானியத் தளங்களில் ரீகோல் தேடும் பக்கம் உண்டு. ஃபோன் பிரவுசரின் மொழிபெயர்ப்பை வைத்தே சமாளிக்கலாம்.

அதோடு இங்குள்ள ஏஜென்டுக்கும் அழையுங்கள். உங்களுக்கு டொயோட்டா லங்கா. ஹொண்டா வைத்திருப்பவர்களுக்கு ஸ்டாஃபர்ட் மோட்டர். “ரீகோல் இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். டிரைவர் பக்கம், பயணி பக்கம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு பக்கம் மாற்றி மறுபக்கம் மாற்றாத கார்கள் உண்டு. ஜப்பானிலேயே மாற்றிவிட்டுத்தான் ஏற்றினார்களா என்பதையும் கேளுங்கள். ரீகோல் வேலைக்கு உரிமையாளரிடம் காசு வாங்குவதில்லை என்பதும், எத்தனையாவது கை என்பது பொருட்டில்லை என்பதும் பொது வழக்கம். ரீகண்டிஷன் காருக்கும் அப்படியே செய்து தருவார்களா, பாகம் கையில் இருக்கிறதா, கிழக்கில் எங்காவது செய்ய முடியுமா என்று கேட்டு, நாள் குறித்த பிறகு புறப்படுங்கள். கொழும்பு இங்கிருந்து சுமார் 260 கிலோமீற்றர். பாகம் இல்லாமல் திரும்பி வரக்கூடாது. மறுத்தால் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977க்கு முறையிடுங்கள்.

பயணி பக்கம் மட்டும் ரீகோலில் என்றால், மாற்றும் வரை முன் சீட்டில் யாரையும் ஏற்றாமல் ஓட்டலாம். டிரைவர் பக்கம் என்றால் ஓட்டத்தைக் குறையுங்கள். ‘ஓட்டவே வேண்டாம்’ என்று கம்பனி சொல்லியிருந்தால் பக்கத்திலிருக்கும் கன்னியா வரைக்கும்கூட எடுக்காதீர்கள்.

பாஸ் சொன்ன ‘கழற்றி விடலாம்’ வேண்டவே வேண்டாம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் எயார்பேக் குப்பி ஒரு வெடிபொருள். வயரைத் தொட்டு மீற்றர் வைத்துப் பார்ப்பதே அதை வெடிக்க வைக்கலாம். ஃபியூஸைப் பிடுங்கினால், மோதும்போது சீட் பெல்டை இறுக்கும் பொறியும் சேர்ந்து செயலிழக்கக்கூடும். பாகம் வரும் வரை எயார்பேக்கை நிறுத்தி வைப்பதைக் கம்பனியின் தொழில்நுட்பவியலாளர்கள் சில கார்களில் செய்திருக்கிறார்கள். அதை அவர்களே செய்யட்டும்.

ஒன்று மட்டும் சேஸி நம்பரில் வராது. முன்பு எப்போதாவது மோதி எயார்பேக் விரிந்த காராக இருந்தால், பழைய பாகக் கடையில் வாங்கிய எயார்பேக்கைப் பூட்டியிருக்கலாம். கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் எயார்பேக் எந்தக் காரிலிருந்து வந்தது, எந்த வருடத்தது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. முந்தின சொந்தக்காரரிடம் நேராகவே கேளுங்கள். ஸ்டீயரிங் நடு மூடி மற்ற இடத்து நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஏஜென்டிடம் சொல்லி, பூட்டியிருக்கும் எயார்பேக்கின் தொடர் எண்ணையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றி முடிந்ததும் சேஸி நம்பரும் புதிய பாகத்தின் எண்ணும் எழுதிய வேலைச் சீட்டைக் கேட்டு வாங்கி, சி.ஆர். பிரதியோடு வையுங்கள். நாளைக்கு இந்தக் காரை விற்றால் அடுத்தவர் கையிலும் அதைக் கொடுங்கள்.