ஆபிரகாம் பண்டிதர் எந்த ஊர்க்காரர்? வீணையை வைத்து அவர் என்ன ஆராய்ந்தார்?

நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர்தான். 1859இல் சுரண்டைக்குப் பக்கத்தில் சாம்பவர் வடகரையில் பிறந்தார். இன்று அது தென்காசி மாவட்டம். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி, அப்புறம் தஞ்சாவூரில் சித்த வைத்தியம். மருந்தில் வந்த காசை இசை ஆராய்ச்சியில் கொட்டினார். 1912இல் இசைக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, சொந்தச் செலவில் மாநாடுகள் நடத்தினார். அந்த மனசு யாருக்கு வரும்!

சரி, வீணைக்கு வருவோம். தந்தியின் சரிபாதியில் மேல் ஷட்ஜம் (மேல் 'ச') பேசும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் பஞ்சமம் ('ப'). அந்தப் பஞ்சமத்தையே ஷட்ஜமாக வைத்து அதற்கொரு பஞ்சமம் எடுங்கள். இப்படியே போனால் 12 சுரமும் கிடைத்துவிடும். ஆனால் பன்னிரண்டாம் முறை, கிளம்பிய ஷட்ஜத்துக்கு வராமல் ஒரு இழை கூடி நிற்கும். எல்லாச் சிக்கலும் இந்த இழையில்தான்.

இந்த இழை வராதபடி, பண்டிதர் ஸ்தாயியை, அதாவது கீழ் ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம் வரையுள்ள இடைவெளியை, சம அளவாகப் பிரித்தார். அதற்குள் 22 சுருதி (நுண்ணிய சுரப் பிரிவு) என்பது பொருந்தாது, 24தான் என்று சிலப்பதிகாரத்தின் ஆயப்பாலை, வட்டப்பாலை என்ற பழந்தமிழ்ச் சுர அமைப்பு முறைகள் பற்றிய குறிப்புகளைக் கொண்டு வாதாடினார். 1916 பரோடா மாநாட்டிலும் அதையே எடுத்து வைத்தார். 24இல் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பழைய பாலைகளைக் கணக்காகப் படித்துக் காட்டிய உழைப்பு பெரிது. 1917இல் வந்த அவருடைய 'கருணாமிர்த சாகரம்' நூல் முழுக்க அந்த உழைப்புதான். 1919இல் காலமானார்.