பேக்கரியில் காசு மெஷின் வைத்தால் கடைக்காரர் மேல் வழக்கு வருமா?

கேள்வி: பல்லடம் பக்கம் பேக்கரி வைத்திருக்கிறேனுங்க. ஒருவர் வந்து காசு போடும் மெஷின் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பட்டனைத் தட்டினால் படங்கள் சுழலும். மூன்றும் ஒன்றாக நின்றால் டோக்கன் விழும், அதற்கு நான் கல்லாவில் இருந்து பணம் தர வேண்டும். வசூலில் எனக்குப் பாதி. 10,000 ரூபாய் முன்பணம் வாங்கி, இரண்டு வருஷத்துக்குப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இது திறமை விளையாட்டு, ஜிஎஸ்டி கட்டுகிறோம் என்கிறார். போன வாரம் போலீஸ்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, இதை வைக்கக் கூடாது என்று சொல்லிப் போனார். எடுக்கச் சொன்னால் நஷ்டஈடு கேட்பேன் என்கிறார் மெஷின்காரர். என்ன செய்யட்டுங்க?

பதில்: முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மற்றது அப்புறம்.

உங்கள் ஊருக்குப் பொருந்துவது 1930-ம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். சூதாட்டக் கருவியை வைத்து அதில் லாபம் பார்க்கும் எந்த இடத்தையும் அது பொது சூதாட்ட இல்லமாகப் பார்க்கிறது. தனி கிளப் வேண்டியதில்லை, பேக்கரியின் ஒரு மூலை போதும். மெஷின் அவருடையது, இடம் மட்டும்தான் என்னுடையது என்று நீங்கள் சொல்ல முடியாது. வசூலில் பாதி வாங்குகிறீர்கள், டோக்கனுக்குப் பணமும் உங்கள் கல்லாவில் இருந்தே போகிறது. நடத்துபவருக்கும் அனுமதிப்பவருக்கும் 8-வது பிரிவில் தண்டனை உண்டு. ஆடுகிறவர்களும் 9-வது பிரிவில் மாட்டுவார்கள். சனிக்கிழமை பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கி, டீ குடிக்க வரும் பிள்ளைகள்தானே அவர்கள்? அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

திறமை விளையாட்டுக்கு 11-வது பிரிவு விலக்கு தருவது உண்மை. சென்னை குதிரைப் பந்தய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், திறமை மேலோங்கி இருக்க வேண்டும் என்றது. பட்டனைத் தட்டியபின் உங்கள் மெஷினில் ஆடுகிறவர் செய்ய என்ன இருக்கிறது? 1995-ல் கர்நாடக வீடியோ கேம் வழக்கிலும், இத்தகைய மெஷின்களை அரசு கட்டுப்படுத்தலாம் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜிஎஸ்டி ரசீது உரிமம் ஆகாது. வரி கட்டிவிட்டதால் ஒரு குற்றம் தொழிலாகிவிடாது.

கோவா ஹோட்டல்களில் இருக்கிறதே என்றும் சொல்வார். சூதாட்டம் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம், அதாவது ஒவ்வொரு மாநிலமும் தானே சட்டம் போடலாம். கோவா தன் சட்டத்தைத் திருத்தி அனுமதித்தது. நம் மாநிலம் 2003-ல் லாட்டரியையே நிறுத்திவிட்டது.

நஷ்டஈட்டு மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். சட்டம் தடுக்கும் காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி செல்லாது. அதை வைத்து அவர் கோர்ட்டுக்குப் போனால், தான் செய்யும் தொழிலை அவரே சொல்ல வேண்டி வரும். இருந்தாலும் முன்பணத்தை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம், வங்கி வழியாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மெஷினை உடைக்காதீர்கள், விற்காதீர்கள். வழக்கு பதிவாகியிருக்கிறதா என்று ஸ்டேஷனில் ஒரு வக்கீல் மூலம் கேளுங்கள். பதிவாகியிருந்தால் அது சாட்சிப் பொருள், இடம் மாற்றக் கூடாது. இல்லையென்றால், உடனே வந்து எடுத்துச் செல்லும்படி பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் எடுக்கும்போது தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வராமல் இழுத்தடித்தால் நோட்டீஸ் நகலோடு ஸ்டேஷனில் எழுத்துமூலம் தெரிவித்து, மனு ஏற்புச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் பத்திர நகலை எடுத்துப் போங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.