எந்த முகத்தோடு போவது?

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திங்கட்கிழமை புதிய செமஸ்டர் தொடங்குகிறது. போன செமஸ்டரில் இரண்டு பாடங்களில் தேறவில்லை. தேர்வு கடினம் என்று சொல்ல முடியாது. நான் படிக்கவில்லை, பாதி வகுப்புகளுக்குப் போகவும் இல்லை. இத்தனைக்கும் அந்தச் செமஸ்டருக்கு முன்னால் மூன்று நாள் உபவாசமிருந்து, தினமும் அதிகாலையில் எழுந்து ஜெபிப்பேன், ஒரு வகுப்பையும் விடமாட்டேன் என்று தேவனிடம் பொருத்தனை செய்திருந்தேன். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது சபையில் எல்லோரும், உங்களுக்கு நல்ல எதிர்காலத்தைத் தரும் நினைவுகளே தேவனிடம் உண்டு என்ற எரேமியா 29:11-ஐச் சொல்லித் தைரியப்படுத்துகிறார்கள். எனக்கோ பிரசங்கி 5:5-தான் நினைவுக்கு வருகிறது: நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட, நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம். மறுபடியும் எந்த முகத்தோடு போய் ஜெபிப்பது?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

உங்கள் சபையார் தவறான வசனத்தைச் சொல்லவில்லை. ஆனால் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எரேமியா 29, தீர்க்கதரிசி எரேமியா அனுப்பிய ஒரு கடிதம். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்டது. சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று சில தீர்க்கதரிசிகள் இனிக்க இனிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா சொன்ன கணக்கு 70 ஆண்டுகள். நீங்கள் கேட்ட வசனத்துக்கு நேர் முந்தைய வசனத்திலேயே அது இருக்கிறது. இன்னும் மேலே போனால், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது கடிதம். திங்கட்கிழமை நட்டதை வெள்ளிக்கிழமை பறிக்க முடியாது.

ஆகவே அந்த வசனத்தை இந்தச் செமஸ்டரின் தேர்வு முடிவுக்கான உத்தரவாதமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஜனங்கள் குற்றமற்றவர்கள் என்று எரேமியா எங்குமே சொல்லவில்லை. தங்கள் தவறால் அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கடிதம் போனது.

இனி பொருத்தனை. பிரசங்கியை நான் மழுப்பப் போவதில்லை. வாக்குத் தவறியது தவறுதான், அதை அப்படியே தேவனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட கையோடு இன்னொரு பொருத்தனை செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான். உங்களைவிடப் பெரிய வாக்குக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. உம்மோடே மரிக்க நேர்ந்தாலும் உம்மை மறுதலிக்கமாட்டேன் என்று இயேசுவிடம் சொன்ன சீஷர் பேதுரு, அதே இரவில், கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே அவரை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தார். யோவான் 21-இல் மறுபடியும் ஒரு கரிநெருப்பு வருகிறது. இந்த முறை அதை மூட்டி வைத்திருப்பவர் இயேசு. கரையில் நிற்பது யாரென்று தெரிந்ததும் பேதுரு எந்த முகத்தோடு போவது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. படகு கரைக்கு வரும்வரைகூடப் பொறுக்காமல் கடலில் குதித்துவிட்டார்.

அங்கே முதலில் நடந்தது சாப்பாடு. கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும், "இனிமேல் மறுதலிக்கமாட்டாயே?" என்ற கேள்வி இல்லை. "என்னை நேசிக்கிறாயா?" என்பதுதான், மூன்று முறை. பேதுருவின் பதிலும் மாறியிருக்கிறது. பழைய சவடால் இல்லை. நான் உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர் என்கிறார். தன் உறுதியை நம்பிப் பேசியவர், இப்போது தன்னை அறிந்தவரை நம்பிப் பேசுகிறார். உடனே கையில் ஒரு வேலை கொடுக்கப்படுகிறது: ஆடுகளை மேய்க்க வேண்டும். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

வகுப்பு விஷயத்துக்கு மாற்குவைப் பாருங்கள். பவுல், பர்னபா என்ற ஊழியர்களோடு சுவிசேஷப் பயணம் கிளம்பியவர், பம்பிலியாவில் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்துக்கு அவரை அழைத்துப் போகலாம் என்றார் பர்னபா. பவுல் ஒப்பவில்லை. சண்டை முற்றி இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். (பவுல் பக்கமும் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். பாதியில் விட்டுப் போனவனை மறுபடி நம்புவது எளிதல்ல.) பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதும் கடிதத்தில் அதே பவுல், மாற்குவை அழைத்து வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இடையில் மாற்கு என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் விவரிப்பதில்லை. சொல்லும்படியாக எதுவும் நடந்திருக்காது என்பது என் ஊகம். நடந்திருப்பார், மூட்டை சுமந்திருப்பார், அடுத்த ஊரிலும் ஓடிப்போகாமல் நின்றிருப்பார்.

உங்களுக்கும் ஒரு பர்னபா வேண்டும். வசனம் அனுப்புகிறவர் போதாது, "இன்று வகுப்புக்குப் போனாயா?" என்று கேட்கிறவராக இருக்க வேண்டும். ஒருவர் போதும், அவரிடம் முழு உண்மையையும் சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு பாடங்களின் ஆசிரியர்களையும் முதல் வாரத்திலேயே நீங்களாகப் போய்ப் பாருங்கள். கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். "ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

அதிகாலை ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவனாக இருந்தபோது நானும் நான்கு நிற மையில் கால அட்டவணை போட்டிருக்கிறேன். அதை வரைவதிலேயே முதல் நாள் போய்விட்டது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவை அந்தந்த நாளுக்கு மட்டும் பொறுக்கச் சொன்னார் மோசே. மறுநாளுக்கென்று சிலர் எடுத்து வைத்தது புழுத்து நாற்றமெடுத்தது. ஒரு செமஸ்டர் முழுவதற்குமான பக்தியை ஒரே உபவாசத்தில் சேர்த்து வைக்கப் பார்த்தீர்கள். திங்கட்கிழமைக்கு ஐந்து நிமிட ஜெபம் போதும். செவ்வாயைப் பற்றிச் செவ்வாயன்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டில் எந்தப் பாடம் கடினம் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், அதன் புத்தகத்தை ஞாயிறு இரவே பைக்குள் வைத்துவிடுங்கள்.