உள்ளான்களைப் பிரித்தறிதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு ஈரநிலக் காப்பகம் ஒன்றில் பார்த்தவற்றைப் பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் (eBird) ஏற்றினேன். சேற்றில் மேயும் கரைப்பறவைகளான உள்ளான்களில் பொறி உள்ளான் 40, பச்சை உள்ளான் 25, டெமிங்க் கொசு உள்ளான் 3. நீலச்சிறகி வாத்து ஏராளம், எண்ணவில்லை. பச்சை உள்ளானுக்கும் டெமிங்குக்கும் பதிவுகளைப் பார்வையிடும் சரிபார்ப்பாளர் விளக்கம் கேட்கிறார். படங்களெல்லாம் மங்கல். என்ன பதில் எழுதுவது?

ம.

அன்புள்ள ம.,

அவர் கேட்டது நியாயம்தான். பச்சை உள்ளான் பெரும்பாலும் தனியாக, மிஞ்சினால் இரண்டு மூன்றாகத் திரியும். ஒரே சேற்றில் 25 என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். கூட்டமாக மேய்வது பொறி உள்ளான். இரண்டுக்கும் பிட்டம் வெள்ளை என்பதால் பறந்து போகும்போது முதுகுப்பக்கம் மட்டும் பார்த்தவர்கள் ஏமாறுவார்கள். இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை உள்ளானுக்கு அது ஏறக்குறையக் கருப்பு, பொறி உள்ளானுக்கு வெளிர் நிறம். உட்கார்ந்திருந்தால் புருவக்கோடு போதும்: பொறி உள்ளானுக்குக் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும், பச்சைக்குக் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். பறக்கும்போது பொறி உள்ளானின் கால்கள் வாலுக்கு வெளியே நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

டெமிங்க் விஷயம் இன்னும் சிக்கல். அதைப் போலவே இருக்கும் இன்னொரு இனமான கொசு உள்ளானுக்குக் கருப்புக் கால், டெமிங்குக்கு மஞ்சள் கலந்த பச்சை என்று எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கிறது. ஆனால் சேறு அப்பினால் எந்தக் காலும் கருப்புதான், எதிர்வெயிலிலும் அப்படியே. ஆகவே வெளிர் கால் தெளிவாகத் தெரிந்தால் அது சான்று. கருப்பாகத் தெரிவது சான்றாகாது. வெளிர் காலோடும் வேலை முடிவதில்லை. நெடுவிரல் கொசு உள்ளானுக்கும் மஞ்சள் கால் உண்டு, அதன் முதுகில் கருங்கோடுகள் அழுத்தமாக இருக்கும். டெமிங்கின் முதுகோ மங்கிய பழுப்பு. மார்பும் பழுப்பேறி, 'சாதாரண உள்ளான்' என்ற இனத்தைச் சிறிதாக்கியதுபோல் இருக்கும். எழும்போது வாலின் ஓர இறகுகள் தூய வெள்ளை. குரல் 'திர்ர்ர்' என்று உருளும். கொசு உள்ளான் 'டிட்' என்று வெட்டும். புல்லோரச் சேற்றில் குனிந்து மெதுவாக மேய்வது டெமிங்கின் பழக்கம், திறந்த சேற்றில் கூட்டமாகப் பரபரவென்று ஓடுவது கொசு உள்ளான். நீங்கள் இவற்றில் எதைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். 'கால் மஞ்சள்' என்பதோடு நிறுத்தினால் ஏற்க மாட்டார்கள்.

நீலச்சிறகிக்கு எண் போடுங்கள். எண்ணாமல், 'இருந்தது' என்று மட்டும் காட்ட 'X' போடவும் இடமுண்டு, ஆனால் அதை வைத்து அடுத்த ஆண்டு கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைத்த இடத்தை மனதில் வாங்கி, கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போங்கள். அடர்ந்த நடுப்பகுதியில்தான் குறைத்து எண்ணிவிடுவோம், அங்கே நூறு நூறாகப் போகாதீர்கள். தண்ணீரில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பூனைப்பருந்து வந்தால் கூட்டம் அடுத்த குட்டைக்கு மாறி, மறுபடி கணக்கில் ஏறிவிடும். குட்டைகளை ஒரே திசையில் எண்ணிக்கொண்டு போவது இதற்காகத்தான்.

காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கரையைத் தேர்ந்தெடுங்கள். வெயில் ஏறியபின் சேற்றின் மேல் கானல் ஆடும், எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியும் உதவாது. படம் மங்கலாக வந்ததற்கும் காரணம் அதுவாக இருக்கலாம்.

இப்போதைக்கு அந்த 25-இல் இறக்கையடியோ புருவமோ உறுதியாகப் பார்த்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை இனம் குறிக்காத பொதுப் பதிவுக்கு மாற்றுங்கள். ஈபேர்டில் அதற்கு வசதி இருக்கிறது. அப்படி மாற்றினாலும் உங்கள் பட்டியல், அடையாளம் கண்ட எல்லாவற்றையும் பதிந்த முழுமையான பட்டியலாகவே கணக்கில் வரும்.